டேப் கழன்ற பிறகும் போகாத பசை

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் கூடாரங்கள் கழற்றப்படும், வாடகைக் கதிரைகள் லொறியில் ஏறும், கிண்ணங்கள் அதிபரின் அறைக்குப் போய்விடும். பசை மட்டும் எங்களிடம் தங்கிவிடும். அஞ்சல் கோல்களில் இல்ல நிறம் காட்டச் சுற்றிய டேப், தடைகளில் ஒட்டிய பெயர்த்தாள், மெத்தை உறையில் யாரோ ஒட்டிய இலக்கம், எல்லே மட்டையின் பிடியில் அடுக்கடுக்காகச் சுற்றிய கறுப்பு வயர் டேப் எல்லாம் தங்கள் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகின்றன. அந்த ஒட்டலில் மணலும் தூசும் ஏறி, இரண்டு வாரத்தில் கறுத்துப்போகும்.

நான் மட்டக்களப்பில் உடற்கல்வி ஆசிரியை. விளையாட்டுப் பொருள் அறையின் சாவி என்னிடம் இருப்பதால் இந்தப் பசையை எடுக்கும் பொறுப்பும் என்னுடையது. உயரம் பாய்தலுக்கான குறுக்குக் கம்பு ஒன்று பழுதானால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று எந்தப் பாடசாலையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பசை போக வேண்டும், ஆனால் பொருளுக்கு ஒன்றும் நேரக்கூடாது. பசை எடுக்கிறேன் என்று பொருளைக் கெடுத்துவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கத்தியை எடுக்கிறார்கள், தின்னரை ஊற்றுகிறார்கள், பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் தேய்க்கிறார்கள். பசை போய்விடுகிறது; அதோடு பளபளப்பும் வலுவும் போய்விடுகின்றன.

பசையைச் சுரண்ட வேண்டியதில்லை. அதை இளக்க வேண்டும், இளகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பலாக்காய் வெட்டும் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த விடயம். கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் பூசாமல் எங்கள் அம்மா காயைத் தொடமாட்டார். பலாப் பால் ஒட்டிவிட்டால் தண்ணீரும் சவர்க்காரமும் அதை அசைக்காது, எண்ணெய் பட்டதும் விட்டுவிடும். பலாப் பாலில் இருப்பது பிசினும் ரப்பர் வகைப் பொருளும். அவை தண்ணீரோடு சேராது, எண்ணெயோடு சேரும். வயர் டேப்பிலும் துணி டேப்பிலும் பூசப்படும் பசை பெரும்பாலும் இதே குணமுடையது. எது எதோடு சேரும் என்று அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் எந்தப் பசை என்று பாருங்கள்

விரலைத் தண்ணீரில் நனைத்து, பசையின் ஓரத்தில் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். வெண்மையாகி வழுவழுத்தால் அது தண்ணீருக்குக் கட்டுப்படும் பசை. தாள் லேபிள்கள், பிள்ளைகளின் கம், சுவரொட்டிக்குக் காய்ச்சும் மாப்பசை எல்லாம் இந்த வகை. தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பைண்டர் கம்மும் இதில் சேரும், ஆனால் காய்ந்த பிறகு அது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். வெந்நீரும் வினாகிரியும் கலந்த ஈரத்துணியை அதன் மேல் நெடுநேரம் போட்டுவைக்க வேண்டும். தேர்தல் முடிந்த பின் மதிலில் நிற்கும் சுவரொட்டிக்கு வாளித் தண்ணீரும் தும்புத்தடியும் போதும், மாலையில் நனைத்து மறுபடியும் நனைத்துவிட்டுத் தேயுங்கள்.

தண்ணீர் பட்டும் அசையாமல், விரலோடு நூலாக இழுபட்டால் அது ரப்பர் வகை. அதற்கு எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய், அதற்கும் அடங்காவிட்டால் மண்ணெண்ணெய். நூலாக இழுபடாமல், தெளிவான மெல்லிய படலமாக நின்றால் அது பெரும்பாலும் அக்ரிலிக் வகை. பிளாஸ்டிக் ஸ்டிக்கர்களின் அடியில் இருப்பது பொதுவாக இதுதான். அதற்கு இளஞ்சூடும், பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டும் நன்றாக வேலை செய்யும். கல்லாக இறுகிக் கிடந்தால் சூப்பர் குளூவாக அல்லது இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபொக்சியாக இருக்கும். சூப்பர் குளூவை அசிட்டோன் கரைக்கும். இறுகிய எபொக்சியை வீட்டில் உள்ள எதுவும் கரைக்காது. உலோகத்தின் மேல் என்றால் ஹெயார் ட்ரையரால் நன்றாகச் சூடேற்றி ஓரத்திலிருந்து பெயர்த்துப் பார்க்கலாம், மற்றப் பொருள்களில் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தாலோ, இடம் மங்கினாலோ, தொடும்போது மென்மையாக இருந்தாலோ அந்தத் திரவம் அந்தப் பொருளுக்கு ஆகாது.

ஓர் அஞ்சல் கோல்

அலுமினியக் கோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு சுற்று டேப், அதன்மேல் ஒரு வருடத் தூசு. முதலில் கோலை வெயிலில் சற்று நேரம் வையுங்கள். கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். அதற்கு மேல் சூடேறினால் பசை உருகி இரண்டாகப் பிரிந்து, பாதி டேப்போடு வரும், பாதி கோலில் நின்றுவிடும். டேப்பின் நுனியை நகத்தால் தூக்கி, பின்னோக்கி மடித்து, கோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். வேகமாகப் பிய்த்தால் பசை கோலிலேயே இருந்துவிடும். அவசரப்படும் மாணவிகளிடமிருந்து நான் கோலை வாங்கிவிடுவேன். "ரீச்சர், ஒரே இழுவையில் வந்துவிடும்" என்பார்கள். வந்துவிடும், ஆனால் டேப் மட்டும்தான்.

மிஞ்சிய பசை மேல் தேங்காய் எண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டி அரை மணி நேரம் வையுங்கள். பொலித்தீன் இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும், பசைக்குள் இறங்காது. அவிழ்த்துப் பார்க்கும்போது பசையின் மினுக்கம் போய், ஓரங்கள் சுருண்டிருக்கும். இப்போது பெருவிரலின் சதையால் ஒரே திசையில் தள்ளுங்கள். திரிதிரியாகத் திரண்டு வரும். அந்தத் திரிகளை உடனுக்குடன் துடைத்தெடுங்கள். விட்டுவைத்தால் தள்ளும் விரலுக்கு அடியில் மீண்டும் பரவும். வராத இடத்தில் பழைய வங்கி அட்டையின் விளிம்பால் தள்ளலாம். கத்தி வேண்டாம், அலுமினியத்தில் விழும் கீறல் அடுத்த பசைக்குப் பிடிமானம்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. பசை போன இடத்தில் இப்போது எண்ணெய் இருக்கிறது. கோல் கைமாறும் நேரத்தில் அது வழுக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கரைத்துக் கழுவி, உலர்த்தி, பின்னர் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். உலர்ந்த விரலால் தேய்த்தால் கிரீச்சென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் மறுபடியும் கழுவுங்கள். பிளாஸ்டிக் கோலுக்கும் இதே முறைதான், அதில் அசிட்டோன் மட்டும் படவே கூடாது.

கோலைச் சுத்தமாக வைத்திருப்பதை நான் ஒரு நியாய விடயமாகவே பார்க்கிறேன். சர்வதேசத் தடகள விதிகளின்படி அஞ்சல் கோல் 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமான, வழவழப்பான, உள்ளீடற்ற குழாய். எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. கோலை நன்றாகப் பிடிப்பதற்காக ஓட்டவீரர்கள் கையுறை அணியவோ கையில் எதையும் பூசவோ கூடாது என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. ஓர் இல்லத்தின் கோல் கையில் ஒட்டவும் மற்ற இல்லத்தின் கோல் வழுக்கவும் நாங்களே இடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் விதி பேச முடியாது.

மற்ற விளையாட்டுப் பொருள்கள்

குண்டு, பரிதிவட்டத்தின் உலோக விளிம்பு இரண்டிலும் மண்ணெண்ணெய் தாராளமாகப் பாவிக்கலாம். துடைத்த பிறகு நன்றாக உலர்த்துங்கள். மட்டக்களப்பின் கரையோரப் பகுதியான கல்லடியில் கடற்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. பசையோடு எண்ணெய்ப் படலமும் போய்விட்ட இரும்பு வெகு விரைவில் துருவேறும். களஞ்சியப்படுத்தும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள், பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன் அதைத் துடைத்துவிடுங்கள். ஈட்டியின் நூல் பிடியில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் ஊறிய நூலை மீட்பது மிகவும் கடினம்.

பைபர் குறுக்குக் கம்பைத் தேய்தாளால் தேய்க்காதீர்கள். மேற்பூச்சு போனால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கிளம்பி உள்ளங்கையில் ஏறும். எண்ணெயும் விரலும் போதும். பாயும் மெத்தையின் உறைக்கு முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு தேவைப்பட்டால் துணியில் சிறிது ஸ்பிரிட். தின்னர் பட்டால் அந்த உறை முதலில் இளகி, பிறகு விறைத்து, மடிப்பில் வெடிக்கும்.

வலைப்பந்தும் கூடைப்பந்தும் ரப்பர் என்றால் எண்ணெய் வேண்டாம். பசையை ஊதவைத்து இளக்கும் எண்ணெய் பந்தின் ரப்பரையும் ஊதவைக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் பசை மேல் மட்டும் சட்டென்று துடைத்து, உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பந்துகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் அழியாத பேனையால் இலக்கம் எழுதிவிட்டால் இந்த வேலையே இல்லை.

கிரிக்கெட் மட்டையில் முகப்புத் தாளைக் கழற்றும்போது ஹெயார் ட்ரையரின் இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகச் சூடேற்றி, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே உரியுங்கள். குறுக்காக இழுத்தால் தாளோடு மரச் சிம்பும் வரும். மிஞ்சிய பசைக்கு யூக்கலிப்டஸ் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். மட்டையை எதிலும் ஊறவைக்க வேண்டாம். பின்னர் மிக மெல்லிய தேய்தாளால் ரேகையோடு ஒருமுறை தடவிவிட்டு, லின்சீட் எண்ணெய் பூசலாம். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயவிட்டு, பிறகு வீசுங்கள். தேங்காய் எண்ணெய்த் துணிக்கு இந்தக் குணம் இல்லை.

பூப்பந்து மட்டையின் பிடி பிசுபிசுக்கிறது என்று பலர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அது பெரும்பாலும் பசையே அல்ல. அந்தப் பிடிகள் பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனவை, ஈரக் காற்றில் அந்தப் பொருளே மெல்லச் சிதைந்து ஒட்டத் தொடங்குகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. அதைக் கழுவிப் பயனில்லை. பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் உள்ள மரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்திப் புதிய பிடி சுற்றுங்கள். பழைய டோர்ச் லைட், குடைப் பிடி, வானொலிப் பெட்டி ஆகியவற்றின் ரப்பர் போன்ற மேற்பூச்சு ஒட்டத் தொடங்குவதும் இதே கதைதான். அங்கே ஸ்பிரிட்டால் பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்துவிடலாம். அடியில் உள்ள பிளாஸ்டிக் சுத்தமாக வெளிவரும்.

தலைக்கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். கிரிக்கெட் தலைக்கவசமானாலும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசமானாலும் பெற்றோல், தின்னர், அசிட்டோன், மண்ணெண்ணெய் எதுவும் அதன்மேல் படக்கூடாது. இந்த ஓடுகளில் பாவிக்கும் பிளாஸ்டிக்கை இத்திரவங்கள் உள்ளுக்குள் பலவீனப்படுத்தும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாமல் இருந்து, விழும் நாளில் ஓடு வெடிக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியை ஸ்டிக்கர் மேல் போட்டு வைத்து, விரலால் உருட்டி எடுங்கள். முழுவதும் போகாவிட்டால் போகட்டும். பசைத் தடத்தோடு இருக்கும் நல்ல தலைக்கவசம் உயிரைக் காக்கும்.

வீட்டில்

எங்கள் ஊரில் தேனுக்கும் அச்சாறுக்கும் புதுப் போத்தல் தேடிப் போகிறவர்கள் குறைவு. பழைய ஜாம் போத்தலின் லேபிள் எடுக்க, வெளியே ஊறவைப்பதைவிட உள்ளே சூடான தண்ணீர் நிரப்புங்கள். கண்ணாடி வழியாகச் சூடு பசையின் அடிப்பக்கத்துக்குப் போகும், லேபிள் அப்படியே முழுதாக உரிந்து வரும். குளிர்ந்த போத்தலில் கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். முதலில் வெதுவெதுப்பு, பிறகு சூடு. மிஞ்சிய தடத்துக்குத் தேங்காய் எண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துப் பூசிச் சிறிது நேரம் கழித்துத் தேயுங்கள். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் அப்பச்சோடாவைத் தவிர்த்து வெறும் எண்ணெய் பூசுங்கள், மினுக்கம் கெடாது.

தேசிக்காய்ச் சாறு பசையை எடுக்கும் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்வது சாறு அல்ல, தோலில் உள்ள எண்ணெய். தேசிக்காய்த் தோலையோ தோடம்பழத் தோலையோ மடித்துப் பிதுக்கினால் தெறிக்கும் அந்த நெய்த்துளிதான் பசையை இளக்குகிறது. அதன் வலிமையைப் பார்க்க வேண்டுமானால் பொதி செய்யப் பாவிக்கும் வெள்ளை நுரைப் பலகையான ரெஜிபோமின் ஒரு துண்டில் தோலைப் பிதுக்குங்கள், துளி பட்ட இடம் குழிந்து கரைவதைக் கண்ணால் காணலாம். சிறிய ஸ்டிக்கர் தடங்களுக்கு, சமையலறையிலேயே கிடைக்கும் இதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை.

பழைய முதிரை அலுமாரி, பிரெஞ்சுப் பொலிஷ் போட்ட கதிரை இவற்றில் ஸ்பிரிட் படக்கூடாது. அந்தப் பொலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்தது, ஸ்பிரிட் பட்டால் மறுபடியும் கரைந்துவிடும். அங்கே எண்ணெய், மென்துணி, பொறுமை. கெரம் பலகையின் ஆடும் பரப்பும் இப்படித்தான், எண்ணெய்கூட மிகச் சிறிதளவே பாவியுங்கள். பிளாஸ்டிக் கதிரைக்கும் வாளிக்கும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் தாராளம்.

உடுப்பில் சூயிங்கம் ஒட்டினால் ஐஸ் கட்டியைப் பொலித்தீனில் போட்டு அதன் மேல் வையுங்கள், இறுகிய பின் உடைத்தெடுக்கலாம். ஜேர்சியில் கழன்ற இலக்கத்தின் பசைக்கு உட்பக்கமாக ஸ்பிரிட் தொட்டு, பழைய துணியொன்றில் ஒற்றியெடுங்கள்.

விரல்களைச் சூப்பர் குளூ ஒட்டிவிட்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் வைத்திருந்து, பக்கவாட்டில் உருட்டி உருட்டி விடுவியுங்கள். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் தண்ணீரால் நனைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். சிந்திய சூப்பர் குளூவைப் பஞ்சால் துடைக்கவும் வேண்டாம். பருத்தியோடு சேர்ந்ததும் அது சட்டென்று கொதித்து, கையைச் சுடும்.

பெற்றோலால் பசை எடுப்பதை நான் எங்கள் பாடசாலையில் அனுமதிப்பதில்லை, வீட்டிலும் இல்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் போகும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனாலும் எங்கள் வெயிலில் அதையும் நிழலில், காற்றோட்டத்தில், நெருப்புக்கு எட்டத்தில் வைத்துத்தான் பாவிக்க வேண்டும். எந்தத் திரவத்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெயோ யூக்கலிப்டஸ் எண்ணெயோ குழந்தைகள் வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த போட்டிக்கு டேப் சுற்றும்போதே அதைக் கழற்றும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொடிக்கம்பத்திலும் தடைகளிலும் முதல் சுற்றைப் பசைப் பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிச் சுற்றி, அதன்மேல் வழமைபோல் சுற்றினால் பசை பசையோடுதான் ஒட்டும், கம்பத்தில் ஒட்டாது. போட்டி முடிந்த மாலையே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெயிலில் ஒரு வாரம் நின்ற டேப் தாளாக உதிரும், பசை இறுகிப்போகும். அஞ்சல் கோலுக்குப் புரட்டிச் சுற்றும் முறை ஆகாது, ஓடும்போது கையில் சுழலும். அதற்கு இல்ல நிறத்தில் எனாமல் பெயின்ட் மெல்லியதாக ஒரு பூச்சு அடித்து, போட்டிக்கு ஒரு வாரம் முன்பே நன்றாகக் காயவிடுங்கள்.